மங்கிய மாயக் கண்ணுக்கு மாற்று

பழைய வால்வு வானொலிப் பெட்டிகள் சிலவற்றின் முகப்பில் பச்சை நிறத்தில் ஒளிரும் வட்டக் கண் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். குமிழைத் திருகி நிலையத்தை நெருங்கும்போது அக்கண்ணிலுள்ள கரிய நிழல், விசிறி மடங்குவதுபோல் குறுகும். நிழல் மிகவும் குறுகும் இடமே நிலையம் சரியாக அமையும் இடம். 'மாயக் கண்' எனப்படும் இந்த வால்வை 6ஈ5 என்ற எண்ணுடன் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1935-இல் வெளியிட்டது. இன்று பல பெட்டிகள் நன்றாகவே பாடுகின்றன. கண் மட்டும் மங்கிவிட்டது. புதிய 6ஈ5 வாங்கப் போனால் விலை கேட்டே மயக்கம் வரும்!

கண் ஏன் மங்குகிறது? வால்வின் உள்ளே கிண்ணம் போன்ற தகடு ஒன்று உண்டு. அதன்மேல் துத்தநாக சிலிகேட் பூசப்பட்டிருக்கும். எலெக்ட்ரான்கள் மோதுவதால்தான் அந்தப் பூச்சு ஒளிர்கிறது. அதே மோதல்தான் அதைத் தேயவும் வைக்கிறது. தேய்ந்த பூச்சை மீட்க வழியில்லை.

ஆனால் பணத்தை எடுக்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். கண் பளிச்சென்று ஒளிர்ந்து, நிழல் மட்டும் அசையாமல் நிற்கிறதா? அப்படியானால் வால்வைக் குறை சொல்ல வேண்டாம். ஆனோடுக்கும் ஒளிரும் தகட்டுக்கும் இடையே 1 மெகாஓம் மின்தடை ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது வால்வின் சாக்கெட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அது அறுந்துபோனால் நிழல் அகன்றே நிற்கும். சில காசுகளில் தீரும் கோளாறு இது.

உண்மையிலேயே பூச்சு தேய்ந்திருந்தால், சோவியத் நாட்டில் ஏராளமாகச் செய்யப்பட்ட 6ஈ5எஸ் வால்வைத் தேடுங்கள். விலை மிகக் குறைவு. இழைக்கு அதே 6.3 வோல்ட், 0.3 ஆம்பியர், வேலை செய்யும் முறையும் அதுவே. அடிப்பகுதிதான் வேறு. அமெரிக்க வால்வுக்கு ஆறு ஊசிகள். இதற்கு எட்டு ஊசி அமைப்பு. இரண்டிலும் தேவையான இணைப்புகள் ஆறுதான்: இழைக்கு இரண்டு, கேத்தோடு, கிரிட், ஆனோடு, ஒளிரும் தகடு ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. செத்த வால்வின் அடிப்பகுதியைத் தனியே எடுத்து, அதன் ஊசிகளிலிருந்து எட்டு ஊசிச் சாக்கெட்டுக்குக் கம்பி இழுத்தால் போதும். பெட்டியில் ஒரு கம்பியைக்கூட வெட்ட வேண்டியதில்லை.

அடிப்பகுதி ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பி வாங்குவோரும் ஏமாறுவார்கள். 6யூ5 வால்வு 6ஈ5-இன் சாக்கெட்டில் அப்படியே உட்காரும். ஆனால் 250 வோல்ட்டில் 6ஈ5-இன் நிழலை மூட கிரிட்டுக்கு ஏறத்தாழ மைனஸ் 8 வோல்ட் போதும். 6யூ5-க்கு மைனஸ் 22 வோல்ட் வேண்டும். வலுவான நிலையத்திலும் கண் பாதி திறந்தே இருக்கும். ஐரோப்பியப் பெட்டிகளில் இன்னொரு பொறி உண்டு. யூஎம்80-இன் இழை 19 வோல்ட், 0.1 ஆம்பியரில் எரிவது; மற்ற வால்வுகளின் இழைகளோடு தொடராக இணைந்திருக்கும். அங்கே 0.3 ஆம்பியர் கேட்கும் ஈஎம்80-ஐச் செருகினால் அதன் இழை சூடேறாது.

வேலையைத் தொடங்குமுன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, வடிகட்டி மின்தேக்கிகளில் மின்னேற்றம் வடிந்துவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒளிரும் தகட்டில் இருப்பது விளையாட்டு மின்னழுத்தம் அல்ல. சுமார் 250 வோல்ட்.