ஸ்டோமா ஓரத்து ஊதா நிறம்: கல்லீரலையும் கவனியுங்கள்

வயிற்றில் ஸ்டோமா (கழிவு வெளியேறக் குடலைத் தோலோடு தைத்து அமைத்த திறப்பு) வைத்திருப்பவர்களுக்குப் பை மாற்றும்போது ஒரு துளி ரத்தம் கசிவது புதிதல்ல. குடலின் உட்சவ்வு அவ்வளவு மென்மையானது. ஈரத்துணி உரசினாலே கசியும், சற்று அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். அந்தப் பழக்கத்தாலேயே வேறொரு ரத்தப்போக்கும் சாதாரணமாகத் தோன்றிவிடுகிறது. குடலும் தோலும் சேரும் விளிம்பிலிருந்து, வலியே இல்லாமல், நிறைய ரத்தம் வந்தாலோ மறுபடி மறுபடி வந்தாலோ, உரசல்தான் காரணம் என்று விட்டுவிடக் கூடாது. அங்கே சிரைகள் புடைத்திருக்கலாம். அதற்குக் காரணம் பெரும்பாலும் கல்லீரலில் இருக்கும்.

குடலிலிருந்து திரும்பும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. சிரோசிஸால் கல்லீரல் தழும்பேறி இறுகும்போது அந்தச் சிரையில் அழுத்தம் ஏறி, ரத்தம் மாற்றுவழி தேடுகிறது. உணவுக்குழாயில் சிரைகள் வீங்கி வெடிப்பது இதனால்தான். ஸ்டோமா உள்ளவருக்கோ, குடலைத் தோலோடு தைத்த இடத்திலும் குடல் சிரைகள் வயிற்றுச்சுவர்ச் சிரைகளோடு இணைந்து புடைக்கின்றன. பெருங்குடல் புண் அழற்சிக்காகப் பெருங்குடலை அகற்றியவர்களில், பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் நோயும் உள்ளவர்களிடம் இது குறிப்பாகக் காணப்படுகிறது.

பையைக் கழற்றியதும் ஸ்டோமாவைச் சுற்றியுள்ள தோலைப் பார்க்க வேண்டும். சிரைகள் புடைத்திருந்தால் நீலமோ ஊதாவோ வளையமாகப் படர்ந்திருக்கலாம். விரலால் மெல்ல அழுத்தினால் வெளிறும், எடுத்ததும் நிறம் திரும்பும். அடிபட்ட கன்றல் அப்படி வெளிறாது. கருத்த தோலில் இந்த நிறம் எளிதில் புலப்படாது என்பதால் பகல் வெளிச்சத்தில், முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. சந்தேகத்தை டாப்ளர் ஸ்கேனும் சி.டி. ஸ்கேனும் தீர்த்துவைக்கும்.

அரிதான சிக்கலைச் சொல்லி நோயாளியை ஏன் மிரட்ட வேண்டும் என்று கேட்கலாம். அரிதுதான், அரிதாக இருப்பதால்தான் தவறவிடப்படுகிறது. தையல் போட்டு ரத்தத்தை நிறுத்தலாம், ஆனால் உள்ளே அழுத்தம் குறையாதவரை அது திரும்பி வரும். அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை, சிரையை அடைக்கும் சிகிச்சை, கல்லீரலுக்குள் ஸ்டென்ட் வைத்து ரத்தத்தைத் திருப்பிவிடுவது, தேவைப்பட்டால் கல்லீரல் மாற்று என வழிகள் உண்டு. காரணம் தெரிந்தால்தான் இவற்றைப் பற்றிப் பேசவே முடியும். அதுவரை கடினமான தட்டுள்ள பையைத் தவிர்த்து, பசைநீக்கியைத் தடவி மெதுவாகக் கழற்ற வேண்டும். ரத்தம் கொட்டினால் பையை எடுத்துவிட்டு, படுக்கவைத்து, சுத்தமான துணியால் விடாமல் அழுத்தியபடியே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இதை வீட்டில் பை மாற்றுபவருக்கும் செவிலியருக்கும் முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பது மிரட்டல் ஆகாது. ஸ்டோமா பராமரிப்பின் ஒரு பகுதியே அது.