ஆவாரம்பட்டையும் குரோம்பேட்டையும்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 110 கி.மீ. போனால் நாயுடுபேட்டை. அங்கே காளஹஸ்தி சாலைக்குத் திரும்பினால், வயல் முடிகிற மேடுகளிலும் புதர்க்காட்டு ஓரங்களிலும் ஆளுயரத்துக்கு ஒரு செடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும். ஊர்க்காரர்கள் ‘தங்கேடு’ என்பார்கள். கும்மிடிப்பூண்டிக்கு இந்தப்பக்கம் அதற்கு ஆவாரை என்று பெயர். யாரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை. ஆடும் பெரும்பாலும் வாய் வைக்காது. மேய்ந்து தீர்த்த தரையில் மிஞ்சி நிற்பது இதுதான்.

1953 வரை நாயுடுபேட்டையும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. அந்த மாகாணத்தின் தோல் வியாபாரம் நெடுங்காலம் இந்தச் செடியின் பட்டையை நம்பித்தான் நடந்தது.

ஆவாரம்பட்டையில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்குமேல் துவர்ப்புச் சத்து உண்டு. தோல் ஷாப்புகளில் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலைப் பட்டை ஊறிய தண்ணீரில் நாள்கணக்கில் போட்டு வைப்பார்கள். தோல் அழுகாமல் பதமாகும். ஒரு குறை மட்டும் இருந்தது: வெயில் பட்டால் இந்தத் தோல் சிவந்துபோகும். அதற்கு மருந்து கடுக்காய். கடைசியில் கடுக்காய்ச்சாற்றில் முக்கி எடுத்தால் நிறம் நிற்கும். இப்படிப் பதனிட்டு லண்டனுக்குக் கப்பலேறிய சரக்குக்கு ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்று பெயர். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு அது தேவைப்பட்டதால், 1916-இல் அரசாங்கமே அந்த வியாபாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. கரம்புச் செடிக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

அந்த வாழ்வு நிலைக்கவில்லை. போருக்கு முன்பே, 1903 வாக்கில், பொறியாளர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் சென்னையில் குரோமியம் கொண்டு தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கியிருந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டையும் வந்து இறங்கியது. தோட்டமாக வளர்த்து மொத்தமாக வெட்டுகிற மரத்தோடு, காடுமேடெல்லாம் அலைந்து குச்சி குச்சியாக உரிக்கிற பட்டை எப்படிப் போட்டிபோடும்?

தோலைப் பதப்படுத்திய செடியை இன்று ‘மேனிப் பொலிவு’க்கு விற்கிறார்கள். நாட்டுமருந்துக் கடையில் ஆவாரம்பூப் பொடி குளியலுக்கும் கிடைக்கும், டீக்கும் கிடைக்கும். சித்த மருத்துவத்தில் கொன்றை, நாவல், மருது இவற்றோடு ஆவாரை சேரும் குடிநீரை நீரிழிவுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். இலங்கையின் வறண்ட தென்பகுதியில் ‘ரணவரா’ என்ற பெயரில் இதுவே தேநீர். ஆவாரை பூத்த ஊரில் சாவே இல்லை என்கிற பழமொழியைப் பொட்டலத்தில் அச்சடிப்பது மட்டும் கொஞ்சம் அதிகம். சர்க்கரை நோயாளி மாத்திரையை நிறுத்த அது காரணமாகிவிடக் கூடாது.

பூவுக்கு வேறொரு கதை. சங்க காலத்தில் காதல் கைகூடாதவன் ஆவிரையும் எருக்கும் சூடிப் பனைமடல் குதிரை ஏறினான். இன்று அதே பூ பொங்கல் காப்புக்கட்டில் பூளையோடும் வேப்பிலையோடும் கூரையில் செருகப்படுகிறது. தெலங்கானாவில் பதுக்கம்மா பண்டிகைக்கு அடுக்கும் பூக்களில் தங்கேடு முக்கியம். 2014-இல் அதை மாநில மலராகவும் அறிவித்தார்கள். ஆந்திரம் 2018-இல் மல்லிகையைத் தேர்ந்தெடுத்ததால், நாயுடுபேட்டைத் தங்கேட்டுக்கு அரசு மரியாதை கிடையாது.

மரியாதை செய்கிறவை வண்டுகள்தான். இந்தப் பூவில் தேன் இல்லை. மகரந்தம் உள்ள பை நுனியில் சின்னத் துளையோடு மூடியிருக்கும். கருவண்டு அதைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்து ரீங்கரித்தால்தான் பொடி உதிரும். காலையில் செடியருகே நின்றால் அந்தச் சத்தம் காதில் விழும்.

சென்னைக்குத் தெற்கே, குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில் மின்சார ரயில் நின்று போகிறது. கோவையில் ஆவாரம்பாளையம் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே போய் விசாரித்தால் பம்புசெட்டும் மோட்டாரும் செய்யும் பட்டறைகளைத்தான் காட்டுவார்கள்.