புறநகரில் ஏன் எல்லாம் ஒரே பெயர் கடை?



விற்பனைக் கண்காட்சிக்காக நம்மில் பலர் சென்னைக்குப் போய் வந்திருக்கிறோம். செங்கல்பட்டு தாண்டியதும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, வண்டலூர் என்று வழி நெடுக அடுக்குமாடிக் குடியிருப்புகள். அவற்றின் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடை போர்டுகளைப் படித்துக்கொண்டே வந்தால், போன ஊரில் பார்த்த அதே பெயர், அதே நிறம். ஒரு அக்கா மெஸ், ஒரு அம்மன் டிபன் கடை அந்தப் புதுக் கட்டடங்களில் கண்ணில் படுவது அபூர்வம். "ஏங்க, அங்க இருக்கிறவங்களுக்கு நம்ம கைச் சமையல் பிடிக்காதா?" என்று சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு பிரதிநிதி கேட்டார்.

கேள்வி சும்மா வரவில்லை. தாலுகா ஆபீஸ் எதிரே டிபன் கடை நடத்தும் நமது குழுவை உங்களுக்குத் தெரியும். 12 உறுப்பினர்கள், கடன் பாக்கி இல்லாத குழு. இவர்களுக்குத் தெரிந்த ஒருவர், புறநகரில் புதிதாகக் கட்டிய குடியிருப்பின் கீழே கடை காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆசை காட்டிவிட்டார். வங்கியில் 8 லட்சம் கடன் கேட்கத் தீர்மானமும் எழுதியாயிற்று. கையெழுத்துப் போடுவதற்கு முன் நேரில் பார்த்து வரலாம் என்று குழுத் தலைவியோடு கூட்டமைப்பிலிருந்து மூன்று பேர் கிளம்பினோம்.

போன உடனே வாடகையைக் கேட்டோம். மாதம் 40 ஆயிரம். அட்வான்ஸ் பத்து மாத வாடகை, சென்னைப் பக்கம் இது பழக்கம்தான். ஆக, அடுப்பு பற்றவைக்கும் முன்பே 4 லட்சம் போய்விடும். அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு செட் இட்லி 40 ரூபாய் என்றால், அரிசி, உளுந்து, கேஸ், கூலி எல்லாம் போக நம் கையில் நிற்பது 10 ரூபாய். 40 ஆயிரத்தை 30 நாளுக்குப் பிரித்தால் தினம் 1,333 ரூபாய். அதாவது 134 செட் இட்லி விற்றால்தான் அன்றைய வாடகை தேறும். அதற்கு மேல் விற்பதுதான் நமக்கும் வங்கிக்கும். இப்போது இருக்கிற ஓட்டுக் கட்டடத்துக்கு வாடகை 3,500. அதற்கு ஒரு நாளைக்கு 12 செட் போதும்! தலைவிக்கு முகம் வாடிப்போச்சு.

சரி, கூட்டம் வந்தால் 134 என்ன, 300 கூட விற்கலாமே என்று தோன்றும். அதனால் அன்று செவ்வாய்க்கிழமை, காலை 11 முதல் 12 வரை வாசலில் நின்று எண்ணினோம். கடந்து போனவர்கள் 14 பேர். அதிலும் மூன்று பேர் செக்யூரிட்டி. மற்றவர்கள் எல்லாம் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இரவு அசதியோடு வந்து போனிலேயே ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். கூட்டம் என்று சொன்னால் சனி, ஞாயிறுதான். தாலுகா ஆபீஸ் வாசல் அப்படியா? மனு கொடுக்க வருபவர், பஸ்ஸுக்கு நிற்பவர் என்று நாள் முழுக்க நடமாட்டம். நம்முடைய கடை அந்தக் காலடிகளை நம்பித்தான் ஓடுகிறது.

அப்படியானால் கிளைக் கடைக்காரர் மட்டும் அங்கே எப்படித் தாங்குகிறார்? இருபது கடை வைத்திருப்பவருக்கு ஒரு கடையில் ஒரு வருஷம் நஷ்டம் வந்தாலும் மற்ற பத்தொன்பதும் தூக்கிவிடும். மாவும் மசாலாவும் ஒரே சமையல் கூடத்திலிருந்து வேனில் வருகிறது. மாஸ்டர் நின்றுவிட்டாலும் ருசி மாறாது. நம் கடையில் சாம்பார் வைக்கும் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு என்ன ஆகிறது என்று நமக்கே தெரியும்! கட்டட உரிமையாளருக்கும் கட்டியதற்கான கடன் தலைக்கு மேல் இருக்கிறது. பல வருஷ அக்ரிமென்ட்டில் தவறாமல் வாடகை தருபவரைத்தான் அவர் தேடுவார். அங்கே குடியிருப்பவர்களும் திசைக்கு ஒருவராக வந்தவர்கள். யார் கை சுத்தம் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த பெயர் போர்டில் இருந்தால் தைரியமாக உள்ளே போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெளியூரில் நாமும் அதைத்தானே செய்கிறோம்?

இது நம்ம ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. அமெரிக்காவில் இது நமக்கு முன்பே நடந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே நகரத்துக்கு வெளியே லட்சக்கணக்கில் வீடுகள் கட்டினார்கள். பல ஊர்களில் வீட்டுத் தெருவில் கடை வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. கடையெல்லாம் பெரிய ரோட்டோரம்தான், அதுவும் கார் நிறுத்த இத்தனை இடம் விட வேண்டும் என்று விதி. அவ்வளவு நிலத்துக்குத் தனி ஓட்டல்காரர் எங்கே போவார்? மெக்டொனால்ட்ஸ் முதலில் கலிபோர்னியாவில் இரண்டு சகோதரர்கள் நடத்திய கடை. ரே கிராக் என்பவர் 1955ல் சிகாகோ நகரை அடுத்த புறநகர் ஒன்றில் அதன் கிளையைத் திறந்தார். மறு வருஷமே நாடு முழுக்க நெடுஞ்சாலை போடும் சட்டம் வந்தது. கம்பெனி ரோட்டோர நிலங்களைப் பிடித்து, கிளை எடுத்தவர்களுக்கே வாடகைக்கு விட்டது. இன்றைக்கும் அந்த வாடகை கம்பெனியின் முக்கிய வருமானம். நாம் ரொட்டி விற்கிற கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

நியூயார்க்கில் வாழ்ந்த ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி, நகரங்களைப் பற்றி 1961ல் ஒரு புத்தகம் எழுதினார். கல்லூரிப் பட்டம் இல்லாதவர், தெருத் தெருவாக நடந்து பார்த்தே எழுதியவர். புதுக் கட்டடத்தின் செலவைக் கிளைக் கடைகளும் வங்கிகளும்தான் தாங்கும், சிறிய ஓட்டல்கள் பழைய கட்டடங்களைத்தான் தேடிப் போகும் என்று அவர் அன்றே சொல்லியிருக்கிறார். பழைய கட்டடத்தின் செலவு எப்போதோ தேறிவிட்டதால் அங்கே வாடகை குறைவு. நமது ஓட்டுக் கட்டடத்தின் கதையும் அதுதான்.

புறநகரில் தனிக்கடையே இருக்காது என்றும் சொல்லிவிட முடியாது. சரவண பவன் 1981ல் கே.கே.நகரில் ஒரே ஒரு கடையாகத்தான் தொடங்கியது. அன்றைக்கு நாங்கள் திரும்பும்போது, அதே குடியிருப்புக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா தள்ளுவண்டியில் வைத்திருந்த பாத்திரம் காலியாகியிருந்தது. காலை ஆறரைக்கு வந்தால் ஒன்பதரைக்குள் முடிந்துவிடுமாம். கட்டட வேலைக்கு வருபவர்கள், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், டிரைவர்கள்தான் வாடிக்கை. கடை வாடகை கிடையாது. ஆனால் ரோடு அகலப்படுத்தினால் எங்கே நிற்பது என்ற கவலை அவருக்கு இருக்கிறது.

கடன் தீர்மானத்தைக் குழு நிறுத்தி வைத்திருக்கிறது. இரண்டு உறுப்பினர்களுக்கு இதில் வருத்தம்தான். முன்னேற விடாமல் தடுத்துவிட்டோம் என்று எங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அட்வான்ஸ் இல்லாமல் செய்யக்கூடியது எது என்று குழுவில் பேசியதில், ஞாயிறு காலை மட்டும் குடியிருப்பு வளாகத்துக்குள் மேசை போட்டு இட்லி மாவும் பருப்புப் பொடியும் விற்கலாம் என்று முடிவானது. குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. பதில் வந்ததும் அடுத்த இதழில் எழுதுகிறோம்.