தெருவைத் தாண்டாத 'மாமா'

பெரியகுளம் மாங்காய் மண்டியிலோ, தேனி பேருந்து நிலையத்திலோ அரை மணி நேரம் நின்று காது கொடுத்தால் போதும். "மாமா, சரக்கு இறங்கிருச்சா?", "வாங்க மாப்ளே", "என்ன சித்தப்பு, ஆளையே காணோம்?" என்று ஒருவரை ஒருவர் முறை வைத்துக் கூப்பிடுவது கேட்கும். இப்படிக் கூப்பிடுபவர்களில் பலருக்குள் ரத்த உறவு கிடையாது. சாதிகூட வேறு வேறாக இருக்கும். இந்துக்களும் இசுலாமியர்களும் 'மாமா', 'மச்சான்' என்று பேசிக்கொள்வதும் நம் பக்கத்தில் தலைமுறைகளாக உள்ள பழக்கம்தான். இரு வீட்டாரும் பெண் கொடுத்து எடுத்ததில்லை; ஆனாலும் சொல்லில் உறவு உண்டு. பெருமைப்பட வேண்டிய பழக்கம் இது.

ஆனால் இந்த 'மாமா' எல்லாத் தெருவுக்கும் போகிறதா?

எழுபது வயது தலித் பெரியவரை, ஊர்த்தெருவில் இருந்து வரும் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி 'வா', 'போ' என்பான். அந்தப் பெரியவரோ பையனின் அப்பாவை 'ஐயா' என்றும் 'சாமி' என்றும் அழைக்க வேண்டும். இதுதான் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. பிள்ளைகள் படித்து, வெளியூர் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு பல ஊர்களில் இது குறைந்திருக்கிறது. முற்றாகப் போய்விடவில்லை. மதத்தைத் தாண்டிப் போகிற ஒரு சொல், ஒரு தெருவைத் தாண்ட முடியாமல் நிற்கிறது.

உறவு தெரிந்தவர்கள் யார்?

உறவுமுறை இரண்டு தெருவிலும் ஒன்றுதான். அப்பாவின் அண்ணன் தம்பி என்றால் பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் பங்காளிகள். அம்மாவின் உடன்பிறந்தவர் தாய்மாமன். அத்தை மகன், மாமன் மகள் என்றால் கட்டிக்கொள்ளும் முறை. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி, சடங்குக்குத் தாய்மாமன் சீர். பிரான்சு நாட்டு ஆய்வாளர் லூயி துய்மோன் 1949-50 ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் சமூகத்தாரிடையே தங்கி, பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம் என்ற இந்த ஏற்பாட்டைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் எழுதிய ஏற்பாடு தலித் வீடுகளிலும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தொலைபேசி வராத காலத்தில், ஊரில் ஒரு சாவு விழுந்தால் கேதம் சொல்லப் போனவர்கள் யார்? பெரும்பாலும் தலித்துகள். எந்த ஊரில் சம்பந்தி, எந்த ஊரில் கொழுந்தியாள், யாருக்கு முதலில் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லாவிட்டால் சண்டை வரும் என்று அந்தக் குடும்பத்தின் உறவு முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் அவர். வெயிலிலும் மழையிலும் நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஒரு வீட்டின் உறவையெல்லாம் தெரிந்து வைத்திருந்த மனிதருக்கு, அந்த வீட்டில் அவரைக் கூப்பிட ஓர் உறவுச்சொல் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம்

'இது காலங்காலமாக உள்ள வழக்கம், மாற்ற முடியாது' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் நம் மலைக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வரும் நம் மக்களுக்குக் கட்டப்பனை தெரியும். அதன் அருகே கோவில்மலையில் மன்னான் பழங்குடியினருக்கு இன்றும் ஓர் அரசர் இருக்கிறார். அங்கே அந்தப் பட்டம் தாய்வழியில் போகிறது.

கேரளத்தில் நாயர் சமூகத்தாரிடமும் சொத்து தாய்வழியில், சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கத்தாயம் பல நூற்றாண்டுகள் இருந்தது. அந்தக் கூட்டுக் குடும்ப முறையைக் கேரள அரசு 1975-இல் சட்டம் போட்டு முடிவுக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் பிறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு என்பது வழக்கத்தில் இல்லாத ஒன்றுதான். 1989-இல் சட்டம் வந்தது. இன்று அது உரிமை. உறவின் விதிகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன, காலத்துக்குக் காலமும் மாறுகின்றன. மனிதர் வகுத்ததை மனிதரே மாற்றியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு வழக்கு

கூப்பிடும் சொல்லுக்காக நீதிமன்றம் வரை போன ஒரு பெண்ணின் கதை நம் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். 1963-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் போராளி நீதிமன்றக் கூண்டில் நின்றார். அரசு வழக்கறிஞர் அவரை வெறுமனே 'மேரி' என்று அழைத்தார். வெள்ளையர்களை மரியாதை அடைமொழியோடு அழைப்பதும், கறுப்பர்களை மொட்டையாகப் பெயர் சொல்லி அழைப்பதும் அங்கே வழக்கம். 'மிஸ் ஹாமில்டன் என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன்' என்று அவர் மறுத்துவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு என்று சிறையும் அபராதமும் விதித்தார்கள். 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

அதே நாட்டில் வயதான கறுப்பர்களை வெள்ளையர்கள் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்றும் அழைத்தார்கள். அது பாசத்தால் வந்த உறவு அல்ல. மரியாதை அடைமொழி கொடுக்காமல் தப்பிக்க ஒரு வழி.

இது நமக்கும் பொருந்தும். முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. 'நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி' என்று சொல்லியே கூலியைக் குறைப்பவர்களும் உண்டு. வீட்டுப் பிள்ளை என்றால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சாப்பிட முடிய வேண்டும். செய்த வேலைக்கு முழுக்கூலி கிடைக்க வேண்டும். கோயில் திருவிழாவில் வரியும் மரியாதையும் சமமாக இருக்க வேண்டும். இவை இல்லாத 'தம்பி' வெறும் வாய்ச்சொல்.

உறவு என்றால் மணமும்தான்

சாதி உயிரோடு இருப்பதே சொந்தச் சாதிக்குள் மட்டும் மணம் முடிப்பதால்தான் என்று 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச வாய்ப்பு மறுக்கப்பட்டதால் தாமே நூலாக வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில், கலப்பு மணமே உண்மையான மருந்து என்றார். சேர்ந்து உண்பது மட்டும் போதாது, உறவினர் என்ற உணர்வு வர வேண்டும் என்பது அவர் வாதம்.

அந்த உறவு உருவாகும் இடத்தில்தான் இன்றும் ரத்தம் சிந்துகிறது. நமக்குப் பக்கத்திலுள்ள உசிலம்பட்டி வட்டாரத்தில், தலித் இளைஞரை மணந்த ஓர் இளம்பெண் 2014-இல் உயிரிழந்தார். அந்த வழக்கில் 2016 ஏப்ரலில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், சாதி கடந்து மணந்தவர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்க உத்தரவிட்டது. காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோர் அதில் இருக்க வேண்டும். ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் கொண்டுவருவது பற்றிப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழக அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது.

அதே ஆண்டு ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்ததும் நினைவிருக்கும். சொல்லுக்கு வலி உண்டு என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தெரிந்துகொள்ள வேண்டியவை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு கலப்புத் திருமண உதவித் திட்டத்தில், தகுதியுள்ள தம்பதியருக்கு 25,000 ரூபாயும், பட்டம் அல்லது பட்டயம் படித்த பெண்ணாக இருந்தால் 50,000 ரூபாயும், இரண்டிலும் 8 கிராம் தங்கமும் உண்டு. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம். பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உதவிக்கு 14566 என்ற எண்ணை அழைக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: உங்கள் வீட்டில், கடையில், தோட்டத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? யாருக்கு 'வாங்க', யாருக்கு 'வா'? யாருக்கு முறை, யாருக்குப் பெயர் மட்டும்? எந்தத் தெருவில் இருந்து எழுதினாலும் சரி. நம் தலித் தெருக்களுக்குள்ளேயே ஒரு பிரிவினர் இன்னொரு பிரிவினரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள். வாரக் கடைசியில் அதை வீட்டில் எல்லோரும் கேட்கும்படி வாசியுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.