இரண்டாவது வாரத்தின் தீர்ப்பு

2024-இல் வெளியான படங்களைத் திரும்பிப் பார்க்கத் திண்டுக்கல் மாவட்டம் பொருத்தமான இடம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் தமிழகத் தியேட்டர்களை நிரப்பிய கதை, இந்த மாவட்டத்துக் கொடைக்கானலின் குணா குகையில் நடந்தது. பிப்ரவரி 22 அன்று வந்த ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ மலையாளப் படம். தமிழில் டப்பிங் செய்யாமலேயே இங்கே வாரக்கணக்கில் ஓடியது. சேறு அப்பிய உடம்போடு நண்பனைக் கயிற்றில் மேலே இழுக்கும்போது, 1991-இல் வந்த ‘குணா’வின் பாட்டு எழும். அந்த இடத்தில் மொழி தெரியாதவர்களும் கைதட்டினார்கள். முதல் நாள் கூட்டத்தை நட்சத்திரம் கொண்டுவரலாம். படத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது இரண்டாவது வாரம்தான் என்பதற்கு அந்த ஆண்டு முழுக்கச் சான்றுகள் கிடைத்தன.

அந்த இரண்டாவது வாரத்துக் கூட்டம் யார் என்று யோசித்தால் திண்டுக்கல் போன்ற ஊர்களின் முக்கியத்துவம் புரியும். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் ஷிப்ட் பார்ப்பவரும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் விடிய விடிய மூட்டை ஏற்றுபவரும் முதல் நாள் காலை 9 மணிக் காட்சிக்கு வந்து நிற்க முடியாது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு டிக்கெட், வண்டி நிறுத்தம், இடைவேளைத் தின்பண்டம் எல்லாம் சேர்ந்தால் மாதச் செலவில் துண்டு விழும். அதனால் போவதற்கு முன் “படம் எப்படி?” என்று நாலு பேரிடம் கேட்டுக்கொள்கிறார்கள். சினிமாக்காரர்கள் ‘மவுத் டாக்’ என்று சொல்வது இந்தக் கேள்வியையும் அதற்கு வரும் பதிலையும்தான். காணாமல்போன குப்பைத்தொட்டிக்காக ஒரு சலூன்காரர் போலீஸ் ஸ்டேஷன் படியேறும் ‘மகாராஜா’வும், ரப்பர் பந்து கிரிக்கெட்டில் முளைத்த வீம்பு வருங்கால மாமனார், மருமகன் உறவுக்குள் புகுந்துவிடும் ‘லப்பர் பந்து’வும் இந்தப் பதிலால் வளர்ந்த படங்கள். ‘லப்பர் பந்து’வில் விஜயகாந்த் பாட்டு ஒலிக்க, ‘கெத்து’ என்ற பாத்திரத்தில் வரும் அட்டகத்தி தினேஷ் மட்டையோடு இறங்கும் காட்சியை எந்த ஊர் மைதானத்துக்குக் கொண்டுபோனாலும் அங்கே ஒரு ‘கெத்து’ இருப்பார்.

அப்படியென்றால் நட்சத்திரத்துக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. விஜய்யின் ‘கோட்’ அந்த ஆண்டின் பெரிய வசூல் படங்களில் ஒன்று. ‘அமரன்’ தீபாவளிக்கு வந்து சிவகார்த்திகேயனை இன்னொரு படி மேலே ஏற்றியது. ஆனால் அது நிலைத்து ஓடியதற்கு மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையும் சாய் பல்லவியின் நடிப்பும் காரணம். பெயரும் செலவும் மட்டும் போதுமென்றால் ‘இந்தியன் 2’-வும் ‘கங்குவா’வும் அப்படிச் சரிந்திருக்காது. அந்தச் சரிவுக்குப் பிறகு தயாரிப்பாளர் சங்கம், யூடியூப் விமர்சகர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டது. வன்மத்தோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் ‘மகாராஜா’வையும் ‘லப்பர் பந்து’வையும் தூக்கிவிட்டது அதே மைக்குகள்தான். பாராட்டும்போது இனித்த வாய் குறை சொன்னால் மட்டும் கசப்பது நியாயமில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று. நல்ல படம் என்று பெயர் வாங்கியும் ‘மெய்யழகன்’ தியேட்டரில் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. வெளியான பிறகு ஏறக்குறைய 18 நிமிடம் வெட்டியும் பலன் பெரிதாக இல்லை. பெர்லின் திரைப்பட விழா வரை போன ‘கொட்டுக்காளி’க்கும் இங்கே கூட்டம் சேரவில்லை. மவுத் டாக் எல்லா நல்ல படத்தையும் காப்பாற்றாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மெதுவாக நகரும் படத்தைப் பற்றிய பேச்சும் மெதுவாகத்தான் பரவும். அதற்குள் படம் தியேட்டரை விட்டுப் போய்விடுகிறது, அல்லது கைபேசிக்கே வந்துவிடுகிறது. ஜூன் 14-இல் வெளியான ‘மகாராஜா’, நான்கே வாரத்தில், ஜூலை 12-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்து, சம்பள நாள் பார்த்து, பிள்ளைகளுக்கு லீவு பார்த்துக் கிளம்பும் குடும்பத்துக்கு நான்கு வாரம் போதாது. ஓடிடிக்கு முன் எட்டு வாரம் வேண்டும் என்று தியேட்டர்காரர்கள் கேட்டுவருவதில் அவர்களுடைய லாபம் இருக்கிறது. நம்முடைய லாபமும் இருக்கிறது. அந்த எட்டு வாரத்தைத் தயாரிப்பாளர்கள் கொடுக்க வேண்டும். பெரிய பெயரில்லாத ஒரு நல்ல படம் ஊருக்கு வந்தால், நாமும் முதல் வாரத்திலேயே போய்ப் பார்ப்போம்.