தேர்தற் பணமும் மக்கள் இயற்றிய சட்டமும்

சட்டம் இயற்றும் உரிமை யாருக்கு உரியது என்று வினவினால், சட்டமன்றத்துக்கு உரியது என்று எவரும் எளிதில் விடை கூறுவர். அச்சட்டமன்றமே விலைபோய்விட்டால் என் செய்வது? வேலியே பயிரை மேயத் தொடங்கினால், பயிருக்கு உடையவன் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்கு அமெரிக்க நாட்டு மாநிலங்களுள் ஒன்றாகிய மொன்டானாவின் வரலாறு ஒரு விடை தருகின்றது. அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

செம்பு அரசர்கள்

மொன்டானா 1889ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சியில் ஒரு மாநிலமாயிற்று. மலையும் புல்வெளியும் பரந்து கிடக்கும் நாடு அது, குடிமக்களோ சிலர். அங்குள்ள பியூட் நகரின் மலையில் செம்பு பெருவாரியாகக் கிடைத்தது. மின்விளக்கும் தந்தியும் உலகெங்கும் பரவிய காலமாதலின், செப்புக் கம்பியின் தேவை நாளும் பெருகிற்று. சுரங்க முதலாளிகள் சிலர் பெருஞ்செல்வராயினர். 'செம்பு அரசர்கள்' என்றே அவர்கள் அழைக்கப்பெற்றனர். வில்லியம் கிளார்க் என்பவர் அவருள் ஒருவர்.

அக்காலத்தில் கூட்டாட்சியின் மேலவையாகிய செனட் சபைக்கு உறுப்பினரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்றத்தாரே தேர்ந்தெடுத்தனர். ஆகவே, அச்சபையில் இடம்பெற விரும்புவோர் ஆயிரமாயிரம் வாக்காளரை நாட வேண்டுவதில்லை. சட்டமன்றத்தாருள் பெரும்பாலோரை வயப்படுத்தினால் போதும். 1899இல் கிளார்க் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டபொழுது, பிரெட் வைட்சைடு என்னும் சட்டமன்ற உறுப்பினர் 30,000 டாலரை எடுத்துக்காட்டி, வாக்குகளை வாங்குவதற்கெனக் கொடுக்கப்பட்ட பணம் இது என்று வெளிப்படுத்தினார். செனட் குழு ஒன்று விசாரணை நடத்தி, கிளார்க் பதவிக்கு உரியவரல்லர் என்று 1900இல் கூறிற்று. சபை வாக்கெடுக்குமுன் அவர் பதவி விலகினார். எனினும், 1901இல் அதே சபைக்கு மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1907 வரை அமர்ந்திருந்தார்!

மக்கள் எழுதிய சட்டம்

பணத்தின் துணையால் பதவி பெற்றோர், பணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தாமாகவே இயற்றுவர் என எதிர்பார்ப்பது அரிது. இந்நிலையில் 1906இல் மொன்டானாவின் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, மக்களுக்கு இரண்டு உரிமைகள் கிடைத்தன. ஒன்று, முன்மொழிவு உரிமை. குறித்த அளவு வாக்காளர் கையொப்பமிட்டால், குடிமக்களே வரைந்த சட்டம் தேர்தலில் மக்கள்முன் வைக்கப்படும். பெரும்பான்மையோர் ஏற்றால் அது சட்டமாகும். மற்றொன்று, பொது வாக்கெடுப்பு உரிமை. சட்டமன்றம் இயற்றியதை மக்கள் தம் வாக்கினால் தள்ளிவிடலாம். முன்னது வேண்டுவதை ஆக்குவது; பின்னது வேண்டாததை நீக்குவது.

இவற்றுள் முன்னதைக் கொண்டு, 1912இல் மக்கள் தேர்தல் ஊழல் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றினர். வேட்பாளருக்கோ கட்சிக்கோ கம்பெனிகள் பணம் கொடுத்தலும், அவர்பொருட்டுச் செலவிடுதலும் ஆகா என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டிலேயே, செனட் உறுப்பினரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் முறை நாடு முழுமைக்கும் வந்தது.

ஆயினும், ஒரு வாயிலை அடைத்தால் செல்வம் மறு வாயிலைத் தேடும். அனகொண்டா என்னும் செம்புக் கம்பெனி, அம்மாநிலத்தின் பெரிய நாளிதழ்கள் பலவற்றை 1959 வரை தன் உடைமையாக வைத்திருந்தது. வாக்கை வாங்குவது குற்றமாகலாம். செய்தித்தாளை வாங்குவது குற்றமன்றே!

நூறாண்டுக்குப் பின்

2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. அதனைப் புரிந்துகொள்ள ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். வேட்பாளர் கையில் பணம் கொடுப்பது ஒன்று. அவரோடு கலந்துகொள்ளாமல், அவருக்காகத் தனியே விளம்பரம் செய்வது மற்றொன்று. முன்னதைத் தடுக்கலாம். பின்னதோ பேச்சுரிமையின்பாற்படும், பேசுவது கம்பெனி என்பதனால் அவ்வுரிமையை மறுத்தலாகாது என்று நீதிபதிகள் ஐவர் கூறினர், நால்வர் மறுத்தனர்.

மொன்டானாவின் உச்ச நீதிமன்றம், தன் மாநிலம் பட்டறிந்த வரலாற்றைச் சுட்டி, 1912ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று 2011 இறுதியில் தீர்ப்பளித்தது. 2012 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மீண்டும் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. அவ்வாண்டு நவம்பரில், கம்பெனிகள் மனிதர் ஆகா என்னும் கொள்கை அறிவிப்பை மொன்டானா வாக்காளருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஏற்றனர். எனினும் நீதிமன்றத் தீர்ப்பு மாறவில்லை. மாநில மக்களின் முன்மொழிவு மாநிலச் சட்டத்தை ஆக்கவல்லது. கூட்டாட்சியின் அரசியலமைப்பைக் கடக்கவல்லது அன்று.

தடுத்தல் இயலாதாயின், வெளிப்படுத்தலாவது வேண்டும் அன்றோ? அந்த 2010 தீர்ப்பிலேயே, பணம் செலவிடுவோரை வெளிப்படுத்தும் விதிகளை ஒன்பது நீதிபதிகளுள் எண்மர் ஏற்றிருந்தனர். அவ்வழியே 2015இல் மொன்டானாவின் சட்டமன்றம், இரு கட்சி உறுப்பினரும் கூடி, ஒரு சட்டம் இயற்றிற்று. தேர்தலில் பணம் செலவிடும் குழுக்கள், அதனை எவரிடம் பெற்றன, எவ்வாறு செலவிட்டன என்று அறிவிக்குமாறு அது பணித்தது. முன்னொரு காலத்தில் விலைபோன மன்றமே இதனைச் செய்தது என்பது நினைக்கத்தக்கது.

ஓர் ஐயம்

மக்களே சட்டம் இயற்றினால் பணத்தின் செல்வாக்கு ஒழிந்துவிடுமோ எனின், ஒழியாது. முன்மொழிவு வாக்கெடுப்பில் தம் கருத்தைப் பரப்பக் கம்பெனிகளும் செலவிடலாம் என 1978இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கையொப்பம் திரட்டக் கூலிக்கு ஆள் அமர்த்துவதைத் தடை செய்தலாகாது என்று 1988இல் தீர்ப்பாயிற்று.

ஆதலின், மாணவர்க்குக் குடியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், வாக்குரிமையை எடுத்துரைக்கும்பொழுது இவ்வரலாற்றையும் உடன்கூறுதல் நன்று. எவருக்கு வாக்களிப்பது என்று ஆராயும் குடிமகன், அவருக்காகச் செலவிடுவோர் யாவர் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். மொன்டானா மக்கள் 1912இல் அமைத்த வேலி நூறாண்டு நின்று வீழ்ந்தது. வீழ்ந்தபின் அவர்கள் கைகட்டி நிற்கவில்லை; மூன்றே ஆண்டுகளில் வேறொரு வேலி எழுந்தது. அதனைக் காப்பது இனி வரும் தலைமுறையின் கடமையாகும்.