தலைசிறந்த குழு எது? அமெரிக்க ராக் ரசிகர்களின் தீராத வழக்கு

அமெரிக்காவின் தலைசிறந்த ராக் இசைக்குழு எது என்ற கேள்வி, அந்நாட்டு இசை ரசிகர்களிடையே அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராமல் நீடித்துவரும் வழக்காகும். கறுப்பின மக்களின் ப்ளூஸ், ரிதம் அண்ட் ப்ளூஸ் ஆகிய இசைவகைகளும், தென்மாநில வெள்ளையர்களின் கன்ட்ரி என்னும் கிராமியப் பாட்டுமுறையும் கலந்து, 1950களில் அமெரிக்க மண்ணிலேயே பிறந்தது ராக் அண்ட் ரோல். ஆயினும், உலகின் தலைசிறந்த குழு எது என்று கேட்டால் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், லெட் செப்பலின் என்று பிரிட்டனின் பெயர்களே முந்திக்கொண்டு வருவதால், அமெரிக்கர்கள் தமக்குள் தனியே ஒரு பட்டியல் போட வேண்டிய நிலை உண்டாயிற்று. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடியபோது ஏறத்தாழ 7.3 கோடி அமெரிக்கர்கள் அதைப் பார்த்தார்கள் என்பதை நினைவிற்கொண்டால், தாம் பெற்றெடுத்த இசையைப் பிறர் வளர்த்துத் தம்மிடமே கொண்டுவந்து விற்றதைக் கண்ட ஒரு நாட்டின் தன்மான உணர்வு இக்கேள்விக்குள் அடங்கியிருப்பது விளங்கும்.

வழக்கின் முதற்கட்டம், யார் யார் போட்டியிடலாம் என்பதை வரையறுப்பதிலேயே தொடங்குகிறது. எல்விஸ் பிரெஸ்லி, சக் பெர்ரி, பாப் டிலன் போன்றோர் தனிக்கலைஞர்கள் என்பதால் அவர்களை விலக்கிவிடுவது வழக்கம். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்கராயினும் அவருக்குப் புகழ் தந்த எக்ஸ்பீரியன்ஸ் குழுவின் மற்ற இருவரும் ஆங்கிலேயர். அமெரிக்கத் தென்மாநிலங்களின் வாழ்வைப் பாடிய 'தி பேண்ட்' குழுவின் ஐவரில் நால்வர் கனடாக்காரர். லண்டனில் 1967இல் தோன்றிய ஃப்ளீட்வுட் மேக், 1977இல் 'ரூமர்ஸ்' ஆல்பத்தால் பெரும்புகழ் அடைந்தபோது அதன் ஐவரில் இருவர் அமெரிக்கர். இவர்களை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதிலேயே ரசிகர்கள் பிரிந்துவிடுகிறார்கள்.

இவற்றைவிட ஆழமான சிக்கல், 'ராக் குழு' என்றதும் கிட்டார் ஏந்திய வெள்ளை இளைஞர்களே பலருடைய மனத்தில் தோன்றுவது. 1960களில் பில்போர்ட் பத்திரிகையின் வாராந்தரப் பட்டியலில் 12 பாடல்களை முதலிடத்துக்குக் கொண்டுசென்ற டெட்ராய்ட் நகரத்துச் சுப்ரீம்ஸ் குழு, ராக் அல்ல என்று கூறி ஒதுக்கப்படுகிறது. கறுப்பரும் வெள்ளையரும், ஆண்களும் பெண்களும் ஒரே மேடையில் சமமாக வாசித்த சான்பிரான்சிஸ்கோவின் ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் பல பட்டியல்களில் மறக்கப்படுகிறது. பீச் பாய்ஸ் குழுவுக்கு 1963இல் பெயர் வாங்கித் தந்த 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.' பாடலின் மெட்டு, சக் பெர்ரி 1958இல் வெளியிட்ட ஒரு பாடலுடையது என்பதும், அதனால் அப்பாடலின் உரிமையில் அவர் பெயர் பின்னர் சேர்க்கப்பட்டது என்பதும், இந்த மறதி எவ்வளவு அநீதியானது என்பதைக் காட்டப் போதுமானவை.

போட்டியாளர்கள் யார் என்பதில் ஒருவாறு உடன்பாடு ஏற்பட்டாலும், அவர்களை எந்த அளவுகோலால் அளப்பது என்ற இரண்டாம் கேள்வி எழுந்து நிற்கிறது. விற்பனையே அளவுகோல் என்போருக்கு விடை எளிது. லாஸ் ஏஞ்சலஸில் 1971இல் உருவாகி, கன்ட்ரி இசையின் கூட்டுக்குரலையும் ராக் இசையின் கிட்டாரையும் இழைத்த ஈகிள்ஸ் குழு, தன் தொடக்ககால வெற்றிப் பாடல்களைத் தொகுத்து 1976இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு, அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 2018இல் 3.8 கோடி பிரதிகளுக்கான சான்று வழங்கியது. அதே குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' 2.6 கோடிக்கான சான்று பெற்றது. ஆனால் அளவுக்கு மீறி மெருகேற்றப்பட்ட இசை என்று ஈகிள்ஸைக் குறைகூறும் விமர்சகர்கள், விற்பனையில் அதற்கு நேரெதிரான ஒரு குழுவை முன்வைக்கிறார்கள். நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட், ஓவியர் ஆண்டி வார்ஹால் வரைந்த வாழைப்பழ அட்டையுடன் 1967இல் வெளியிட்ட முதல் ஆல்பம், அப்போது பில்போர்ட் பட்டியலில் 171ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதை வாங்கியவர்கள் சிலரே என்றாலும் அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு குழுவைத் தொடங்கிவிட்டார்கள் என்ற பொருளில் இசையமைப்பாளர் பிரையன் ஈனோ கூறியது, விற்பனைக்கும் செல்வாக்குக்கும் உள்ள தொலைவை எடுத்துக்காட்ட இன்றுவரை சான்றாகக் காட்டப்படுகிறது.

மேடையை அளவுகோலாகக் கொள்வோர் கிரேட்ஃபுல் டெட் குழுவின் பக்கம் நிற்கிறார்கள். 1965 முதல் அதன் தலைமைக் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா மறைந்த 1995 வரை, முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 நிகழ்ச்சிகளை நடத்திய இக்குழுவின் ஒரே ஒரு பாடல்தான், அதுவும் 1987இல்தான், முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது. ஒரு பாடலை ஒவ்வொரு மேடையிலும் வேறுவிதமாக விரித்து வாசிப்பதே இவர்களுடைய கலை. ஆகவே, நிகழ்ச்சியை ரசிகர்கள் தாமே பதிவுசெய்துகொள்ள அனுமதித்ததோடு, 1984 முதல் அதற்கென அரங்கில் தனி இடமும் ஒதுக்கினார்கள். அவ்வாறு பதிவான கேசட்டுகளை ரசிகர்கள் காசு வாங்காமல் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977 மே 8 அன்று நடந்த நிகழ்ச்சியின் பதிவு, நாட்டின் அரிய ஒலிப்பதிவுகளுள் ஒன்றாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இதற்கு மாறாக, மூன்று நிமிடத்தில் ஒரு முழுப் பாடலைச் சொல்லி முடிக்கும் திறமையே பெரிது என்போர், 1969ஆம் ஆண்டு ஒன்றிலேயே மூன்று ஆல்பங்களை வெளியிட்ட கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவைச் சுட்டுகிறார்கள். கலிஃபோர்னியாக்காரர்களான இவர்கள் லூசியானா மாநிலத்துச் சதுப்புநிலங்களைப் பாடினார்கள். பில்போர்ட்டின் தனிப்பாடல் பட்டியலில் ஐந்து முறை இரண்டாம் இடத்தைத் தொட்டும், முதலிடம் அவர்களுக்குக் கிட்டவே இல்லை.

இந்த அளவுகோல்கள் அனைத்தும் ஒன்றோடொன்று மோதும் இடம் பீச் பாய்ஸ். கலிஃபோர்னியாவின் ஹாத்தோர்ன் நகரில் வில்சன் சகோதரர் மூவரும், அவர்களுடைய உறவினர் மைக் லவ்வும், நண்பர் ஆல் ஜார்டினும் 1961இல் தொடங்கிய இக்குழு, கடலலை விளையாட்டையும் கார்களையும் பாடிப் பதின்வயதினரின் செல்லப்பிள்ளையாக விளங்கியது. மூத்தவரான பிரையன் வில்சன், பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' ஆல்பத்தைக் கேட்டுத் தூண்டப்பட்டு 1966 மே மாதம் உருவாக்கித் தந்த 'பெட் சவுண்ட்ஸ்', அமெரிக்காவில் பத்தாம் இடத்தோடு நின்றுவிட்டாலும், பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்துக்கே தூண்டுதலாக அமைந்ததென்று பால் மெக்கார்ட்னி ஒப்புக்கொண்ட படைப்பாகும். ஆனால் 1974இல் இவர்களுடைய பழைய பாடல்களைத் திரட்டி வெளியிட்ட 'எண்ட்லெஸ் சம்மர்' என்ற தொகுப்பு முதலிடத்தைப் பிடித்ததும், புதியன படைக்கும் குழு என்ற அடையாளம் மங்கி, இளமை நாட்களை நினைவூட்டும் குழுவாகவே பொதுமக்கள் இவர்களைக் காணத் தொடங்கினார்கள். தலைசிறந்த ராக் குழுவும் பழைய நினைவுக்கு இனிய பாப் குழுவும் இங்கே ஒரே ஐவர்தாம்.

ராக் என்பது கலைஞர் தாமே எழுதித் தாமே வாசிக்கும் உண்மையான இசை, பாப் என்பது பிறர் தயாரித்துக் கொடுக்கும் வணிகச் சரக்கு என்று பல ரசிகர்கள் கோடு கிழிக்கிறார்கள். இந்தக் கோட்டுக்கு அதிகம் பலியானது, தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக 1965இல் தேர்வு நடத்திச் சேர்க்கப்பட்ட மங்கீஸ் குழு. முதல் இரு ஆல்பங்களில் பெரும்பாலும் வேறு கலைஞர்களே வாசித்தார்கள் என்ற செய்தி வெளிவந்ததும் இக்குழு ஏளனத்துக்கு ஆளாயிற்று. ஆனால் அக்காலத்து லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் நடந்தது என்ன என்று பார்த்தால், அந்தக் கோடு நிற்பதில்லை. ராக் வரலாற்றில் உயரிய இடம் பெற்ற பேர்ட்ஸ் குழுவின் முதல் வெற்றிப் பாடலில், 1965இல், குழுவினருள் இசைக்கருவி வாசித்தவர் ரோஜர் மெக்குவின் ஒருவரே. 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தின் வாத்திய இசையிலும் பெரும்பகுதி கூலிக்கு வாசித்த கூடக் கலைஞர்களுடையதே. பின்னாளில் 'ரெக்கிங் க்ரூ' என்று பெயர்பெற்ற அக்கலைஞர்களுள் ஒருவரான ஹால் பிளெய்ன், 1963இல் ரோனெட்ஸ் என்ற பெண்கள் குழுவுக்கும், 1965இல் பேர்ட்ஸுக்கும், 1966இல் பீச் பாய்ஸுக்கும், 1970இல் கார்பென்டர்ஸ் உடன்பிறப்புகளின் முதல் பெருவெற்றிப் பாடலுக்கும் டிரம்ஸ் வாசித்தார். உயர்ந்தது என்று போற்றப்பட்ட இசைக்கும் மென்மையானது என்று தள்ளப்பட்ட இசைக்கும் தாளம் கொடுத்தவை ஒரே கைகள். அந்தக் கார்பென்டர்ஸ் பாடல்களையே 1994இல் சோனிக் யூத் முதலிய கரடுமுரடான ராக் குழுக்கள் காணிக்கைத் தொகுப்பாகப் பாடி வெளியிட்டபோது, பழைய கோட்டை அழித்தவர்கள் ராக் கலைஞர்களே என்பது வெளிப்படையாயிற்று.

இந்தக் கோடு வெறுப்பாகவும் மாறக்கூடும் என்பதற்கு 1979 ஜூலை 12 சான்று. அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானத்தில், இரு ஆட்டங்களுக்கு இடையே, நடன அரங்குகளுக்குரிய டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள்; கூட்டம் திடலுக்குள் பாய்ந்ததால் இரண்டாம் ஆட்டமே கைவிடப்பட்டது. டிஸ்கோவை வளர்த்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் ஒருபால் ஈர்ப்பினரும் என்பதால், இசைச் சுவையின் பெயரால் வெளிப்பட்ட இந்தச் சினத்தில் வேறு பகைகளும் கலந்திருந்தன என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

பழைய பாடல்மீதான ஏக்கம் மதிப்பீட்டைக் கெடுத்துவிடும் என்பது பாப் ரசிகர்கள்மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு. ஆனால் இந்த ஏக்கம் எல்லாருக்கும் பொதுவானது. வெவ்வேறு ஆண்டுகளின் பாடல்களைப் பல வயதினருக்குப் போட்டுக்காட்டி ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் என்ற ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 23, 24 வயதில் கேட்ட பாடல்களையே மக்கள் மிகுதியும் விரும்புகிறார்கள் என்று காட்டியது. ராக் அண்ட் ரோல் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த 1959இலேயே, ஆர்ட் லபோ என்ற வானொலி அறிவிப்பாளர் பழைய வெற்றிப் பாடல்களைத் தொகுத்து விற்கத் தொடங்கிவிட்டார். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை தேர்ந்தெடுத்த 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் 2003இல் முதலிடம் பெற்ற 'சார்ஜன்ட் பெப்பர்', நடுவர்கள் மாறிய 2020இல் 24ஆம் இடத்துக்கு இறங்கியது. பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆறாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறியது. இசைத்தட்டு மாறவில்லை, கேட்டவர்கள் மாறினார்கள்.

'பெட் சவுண்ட்ஸ்' மட்டும் இரு பட்டியல்களிலும் இரண்டாம் இடத்திலேயே நிலைத்தது. விற்பனை, செல்வாக்கு, கலைநுட்பம், மக்களின் நினைவு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது பீச் பாய்ஸுக்கு வலுவான உரிமை உண்டு என்பதற்கு இது ஒரு சான்றாகலாம். மேடையை முதன்மையாக வைப்பவர் கிரேட்ஃபுல் டெட் என்று தீர்ப்பளித்தால், அதற்கும் அதே அளவு நியாயம் உண்டு. இத்தகைய விவாதத்தில் ஒரு ரசிகர் கடைப்பிடிக்க வேண்டிய நேர்மை, தாம் எந்த அளவுகோலை எடுத்துக்கொண்டார் என்பதையும், எந்த வயதில் எந்தப் பாடலோடு வளர்ந்தார் என்பதையும் முதலில் சொல்லிவிடுவதாகும். அவ்வாறு சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவருடைய விருப்பத்தை இழிவுபடுத்தாமலே தம் குழுவுக்காக முழுமனத்தோடு வாதாட முடியும். கார்பென்டர்ஸை நேசிப்பவரும் வெல்வெட் அண்டர்கிரவுண்டைப் போற்றுபவரும் ஒருவருக்கொருவர் புதிய பாடலொன்றைக் கேட்கக் கொடுக்கும் வாய்ப்பும் அப்போதுதான் உண்டாகும்.